சுட்டி டிவி ஏன் வரல? வேலப்பாடி, ஓட்டேரி, பாகாயம் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. உங்க கேபிள்காரன் எழுதுறேன், ஆரணி ரோட்டுல மாவு மில்லு மாடியில இருக்குற நம்ம ரூம்லேர்ந்து.

போன வாரம் ஏரியா வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மெசேஜ் சுத்துச்சு, பாதி பேரு பாத்திருப்பீங்க. கேபிள்காரர் பசங்க சேனல கட் பண்ணிட்டு அந்தக் காச அவரே வெச்சுக்கறாருன்னு. எனக்கே நாலு பேரு அனுப்புனாங்க. வெளியூர்ல படிக்கிற என் பொண்ணு போன் பண்ணி "இன்னாப்பா இது, நம்மளயா சொல்றாங்க"ன்னு கேட்டா. மழை வந்தா லைன் போவுது, ரெண்டு தடவ கூப்ட்டாதான் போன் எடுக்கறாருன்னு போட்டிருந்தா கேட்டுக்கினு போயிருப்பேன், அதெல்லாம் ஞாயமான புகார்தான். ஆனா பசங்க காச தின்னுட்டான்ற பேச்ச என்னால தாங்க முடியல, மூணு நாளா சரியா தூக்கம் இல்ல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

நடந்தது இதுதான். நமக்கு மேல இருந்து சிக்னல் குடுக்குற கம்பெனி இந்த மாசம் 4-ம் தேதி அவங்க பேக், அதாவது பல சேனல ஒண்ணா சேத்து ஒரே ரேட்டுக்கு குடுக்குற கட்டு, எல்லாத்தையும் மாத்தி அமைச்சாங்க. நம்ம வீடுங்கள்ல பாதிக்கு மேல போட்டிருக்கறது எந்த பேக்கோ, அதுலேர்ந்து சுட்டி டிவிய எடுத்து வேற பெரிய பேக்ல கொண்டுபோயி வெச்சுட்டாங்க. நான் எந்த பட்டனையும் அமுக்கல, அமுக்கவும் முடியாது, உங்க வீட்டு செட்டாப் பாக்ஸ ஆன் ஆஃப் பண்றத தவிர எங்கிட்ட எந்த அதிகாரமும் கெடையாது. பத்து நாளைக்கு முன்னாடியே எனக்கு மெசேஜ் வந்துச்சு, அத உங்களுக்கு சொல்லாம விட்டது என் தப்பு, ஒத்துக்கறேன். லைன் பாக்குற தம்பி வேலைய விட்டு நின்ன வாரம் அது, ஏணிய தூக்கிக்கினு நானே போஸ்ட் போஸ்ட்டா அலைஞ்சுட்டிருந்தேன்.

அந்த வாட்ஸ்அப் மெசேஜ்ல முன்ன ஃப்ரீயா வந்த சேனலுக்கு இப்ப காசு கேக்குறான்னும் ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதுக்கு நான் பழைய கதைய கொஞ்சம் சொல்லியாவணும்.

நான் தொழிலுக்கு வந்தது 1996-ல, மச்சான் கூட சேந்து. அப்ப பசங்களுக்குன்னு இருந்தது கார்ட்டூன் நெட்வொர்க் ஒண்ணுதான், அதுவும் இந்தியாவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆவுது, 1995 மே மாசம் ஆரம்பிச்சது. பகல்ல கார்ட்டூன் ஓடும், ராத்திரி ஆனா அதே சேனல் டிஎன்டின்னு மாறிடும், பழைய இங்கிலீஷ் படமா போடுவாங்க. டாம் அண்ட் ஜெர்ரி பாத்துட்டிருந்த புள்ள டிவி கெட்டுப்போச்சுன்னு அழுவும், அம்மா என்ன கூப்புடுவாங்க. அப்ப தமிழ் கெடையாது, பசங்க பேச்சு புரியாமலேயே சிரிப்பாங்க. 2004-ல ஜனவரி 1-ம் தேதி போகோ வந்துச்சு, அதே வருஷம் டிசம்பர் 17 டிஸ்னி சேனல் வந்துச்சு.

ஆனா நம்ம பசங்க சேனல்னு சொல்ற மாதிரி வந்தது சுட்டி டிவிதான். 2007 ஏப்ரல் 29, ஞாயித்துக்கிழமை. சன் நெட்வொர்க் ஆரம்பிச்சாங்க, பேரு, பேச்சு, அறிவிப்பு எல்லாமே தமிழ்ல. நல்ல கோடை லீவு நேரம் வேற, வேலூர் வெயில் உங்களுக்கு சொல்லவே வேணாம், பதினோரு மணிக்கு மேல எந்த அம்மாவும் புள்ளைய தெருவுல விட மாட்டாங்க. அந்த மே மாசம் எந்த வீட்டுக்கு லைன் பாக்க போனாலும் ஒரே சத்தம்தான், அப்பறம் டோரா புஜ்ஜி, ஜாக்கி சான்னு வரிசையா வந்துச்சு. ஓட்டேரி பக்கம் ஒரு ஆயா, பேரனுக்கு சோறு ஊட்ட அது ஓடியாவணும்னு, ஒயர் அறுந்த அன்னிக்கு என்ன சாப்புட விடாம கையப் புடிச்சு கூட்டிக்கினு போனாங்க. அந்தப் பேரன் இப்ப சம்பாதிக்கிறான், அவந்தான் அந்த வீட்டு கேபிள் பில்ல கட்டறான். அப்பறம் தெலுங்குல குஷி, கன்னடத்துல சிண்டு, 2011-ல மலையாளத்துல கொச்சு டிவின்னு அவங்களே ஒவ்வொரு மொழிக்கும் கொண்டு வந்தாங்க. நம்ம ஊருல சித்தூர் பக்கம் சம்பந்தம் பண்ண வீடுங்க குஷி டிவி இல்லயான்னு இன்னிக்கும் கேப்பாங்க.

அப்ப ஃப்ரீயாதான வந்துச்சுன்னா, ஒங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். டிஷ்ல சிக்னல் புடிச்சு, காசு கட்டுற சேனலுக்கு டீகோடர்ல, அதாவது பூட்டி வர்ற சேனல தொறக்குற பொட்டியில, கார்டு போட்டு தொறந்து, மாடுலேட்டர்ன்ற மெஷின் வழியா ஒயர்ல ஏத்துவோம். ஒரு சேனலுக்கு எங்க ரூம்ல ஒரே ஒரு கார்டுதான். ஒரு தடவ தொறந்துட்டா ஒயர் போற அத்தன வீட்டுக்கும் போவும், ஒரு வீட்டுக்கு குடுத்து ஒரு வீட்டுக்கு நிறுத்தறது முடியாத காரியம். அதனால எது காசு சேனல், எது ஃப்ரீ சேனல்னு ஒங்களுக்கு தெரியவே வழியில்ல, எல்லாம் ஒரே மாசக் கட்டணம். எத்தன வீடுன்னு நாங்க சொல்ற கணக்க வெச்சுதான் சேனல்காரங்க காசு வாங்குவாங்க, நாடு பூரா ஆபரேட்டருங்க அந்தக் கணக்க கொறச்சுதான் சொன்னாங்க, நானும் சொன்னேன், இத இன்னிக்கு மறைக்கல. ஒயர்ல இடமும் கம்மி, ஒரு சேனல ஏத்தணும்னா ஒண்ண எறக்கணும். சுட்டி டிவிக்காக நான் ஒரு இந்தி பாட்டு சேனல எறக்குனேன், உருது பேசுற வீடுங்கள்ல ரெண்டு மாசம் என்கிட்ட மொகம் குடுத்து பேசல.

2008-ல அரசு கேபிளுக்கு நம்ம வேலூர்லயே கண்ட்ரோல் ரூம் போட்டாங்க, 2011-ல மாசம் 70 ரூபான்னு அறிவிச்சாங்க, அந்த எழுபது ரூபா இன்னும் எல்லார் மனசுலயும் உக்காந்திருக்கு. சென்னையில 2003-லயே பாக்ஸ் பேச்சு வந்துச்சு, அப்பறம் நாடு பூரா கட்டம் கட்டமா பாக்ஸ் கட்டாயம்னு கொண்டு வந்தப்ப நம்ம ஊரு மூணாவது கட்டம், 2015 டிசம்பர்ன்னு சொல்லி தேதி தள்ளித் தள்ளிப் போயி கடைசியில வீட்டுக்கு வீடு பாக்ஸ் வந்துச்சு. பாக்ஸ் வந்த பின்னால மறைக்க ஒண்ணுமே இல்ல, எந்த வீட்டுல எந்த சேனல் தொறந்திருக்குன்னு மேல இருக்குற கம்பெனி கம்ப்யூட்டர்ல அப்படியே தெரியும்.

அப்பறம் 2019 பிப்ரவரி 1. டிவி, போன் கட்டணத்துக்கு விதி போடுற மத்திய அரசு ஆணையமான ட்ராய் புது கட்டண முறைய கொண்டு வந்த நாளு. நம்ம மாடிப்படியில கீழ டீக்கடை வரைக்கும் கியூ நின்னீங்களே, ஞாபகம் இருக்கா? 100 சேனலுக்கு 130 ரூபா, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 153 ரூபா 40 பைசா, அதுக்கு மேல ஒவ்வொரு காசு சேனலுக்கும் தனி ரேட்டு, பேக்ல சேக்கணும்னா ஒரு சேனல் ரேட்டு 19 ரூபாய தாண்டக் கூடாதுன்னாங்க. அன்னிக்குதான் மொத தடவையா சுட்டி டிவி பேருக்கு நேரா ஒரு ரேட்டு எழுதியிருந்தத நீங்க பாத்தீங்க. சீரியல் சேனலுக்கு டிக் போட்ட எத்தனையோ பேரு பசங்க சேனல்கிட்ட வந்ததும் பேனாவ நிறுத்திட்டு என் மொகத்த பாத்தீங்க. சேனல் பக்கத்து கஷ்டமும் இருக்கு, சீரியலுக்கு வர்ற நகைக்கடை, பொடவைக்கடை விளம்பரம் பசங்க சேனலுக்கு வராது, பிஸ்கட்டும் பால்ல கலக்குற பவுடரும் பென்சிலும்தான் வரும், ஆனா வெளிநாட்டு கார்ட்டூன காசு குடுத்து வாங்கி தமிழ்ல பேச வெக்கணும்.

இப்ப என் கணக்குக்கு வரேன், இதத்தான் ஒவ்வொருத்தரும் படிக்கணும்னு கேட்டுக்கறேன். பேச்சுக்கு ஒரு சேனல் 10 ரூபான்னு வெச்சுக்கோங்க. அதுல 8 ரூபா சேனலுக்கு போயிடும். சட்டப்படி கமிஷன் 20 சதவீதம், அதாவது 2 ரூபா. அந்த ரெண்டு ரூபாயயும் வேற ஒப்பந்தம் இல்லாத எடத்துல 55-க்கு 45-ன்னு பிரிக்கணும், 55 மேல இருக்குற கம்பெனிக்கு, 45 எனக்கு. ஆக பத்து ரூபா சேனல்ல என் கைக்கு வர்றது 90 பைசா. அந்த 130 ரூபா இருந்தப்ப அதுலயும் இதே பிரிப்புதான், எனக்கு 58 ரூபா 50 பைசா வந்துச்சு. அதுலதான் ஒயர், ஆம்ப்ளிஃபயர், கரண்ட் பில்லு, ரூம் வாடகை, ஆள் சம்பளம் எல்லாமே. 2024 ஜூலையில அந்த 130-ன்ற வரம்பையும் எடுத்துட்டாங்க, ரேட்ட இனிமே மேல இருக்குறவங்களே வெச்சுக்கலாம். உங்க புள்ள பாக்குற சேனல நிறுத்தினா எனக்கு லாபம் இல்ல, அந்த 90 பைசாவும் போவும், போற வீட்டுல உங்க மொகத்தயும் பாக்கணும். மெசேஜ் போட்டவரு நம்ம வாடிக்கையாளர்தான், யாருன்னும் தெரியும், கோவம் இல்ல, ஒரு நாள் மாடிக்கு வாங்க, ரசீது நோட்ட விரிச்சு வெக்கிறேன், ஒரு மணி நேரம் ஆனாலும் பக்கத்துல உக்காந்து காட்டுறேன்.

2020 லாக்டவுன்ல பள்ளிக்கூடம் மூடிக் கெடந்தப்ப போலீஸ் பாஸ் வாங்கிக்கினு தெருத்தெருவா லைன் பாத்தேன், பசங்க வீட்டுல அடைஞ்சு கெடக்குதுன்னுதான். பாதி வீட்டுல கல்வித் தொலைக்காட்சியில பாடம் ஓடும், மீதி நேரம் கார்ட்டூன். மூணு மாசம் யாருகிட்டயும் நான் காசு கேக்கல, நீங்களா கூப்ட்டு குடுத்தீங்க, பாகாயத்துல ஒரு நர்ஸ் அக்கா ஆறு மாசத்துக்கு சேத்து கட்டுனாங்க. அந்த நன்றி சாவுற வரைக்கும் மறக்காது. செல்போன்லயே எல்லாம் வருதுன்னு எத்தனையோ வீட்டுல ஒயர அறுத்துட்டாங்க, நீங்க இன்னும் இருக்கீங்க, இருபது இருபத்தஞ்சு வருஷமா இருக்குற வீடும் இருக்கு, அதனாலதான் நானும் இந்த மாடியில இருக்கேன்.

இனிமே பண்ண வேண்டியது: சுட்டி டிவி வேணும்ன்ற வீடுங்க பாக்ஸ் அடியில இருக்குற நம்பர போட்டோ எடுத்து அனுப்புங்க, அந்த சேனல மட்டும் தனியா போட்டு தரேன், கம்பெனி ரேட்டும் ஜிஎஸ்டியும்தான், ரசீதுல தனி வரியா காட்டுறேன், அதுக்கு மேல ஒரு பைசா வாங்க மாட்டேன். ஏற்கெனவே பெரிய பேக் போட்டவங்க ஒண்ணும் பண்ண வேணாம், வந்துக்கினேதான் இருக்கு. 4-ம் தேதியிலேர்ந்து வராத நாளுக்கு கழிச்சுக்க கம்பெனியில வழி இல்லன்னுட்டாங்க, அடுத்த மாசம் 1-ம் தேதியிலேர்ந்து மாசக் கட்டணத்துல 30 ரூபா கூடும், புது ஆளு கெடைக்கிற வரைக்கும் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல கம்ப்ளைன்ட் மறுநாள் காலையிலதான் பாக்க முடியும். தெரிஞ்ச தம்பிங்க யாராச்சும் லைன் வேலைக்கு வர்றதா இருந்தா சொல்லுங்க, ஏணி ஏறத் தெரிஞ்சா போதும், மத்தத நான் கத்துக் குடுத்துக்கறேன்.

பாக்ஸ் நம்பர் அனுப்புறவங்க தெருப் பேரையும் சேத்து போடுங்க, ஓட்டேரி வீடுங்களுக்கு நாளைக்கே போட்டுடறேன், வேலப்பாடி நாளன்னிக்கு.

இப்படிக்கு,
உங்க கேபிள்காரன்,
வேலப்பாடி, வேலூர்