கோடைப் பயிலரங்கு நடத்தும் கணினித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். மே மாத விடுமுறையில் தமிழகத்து அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கல்லூரிகள் நடத்தும் நிரலாக்கப் பயிலரங்குகளில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக நின்றவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். ஆய்வகத்தையும் மதிய உணவையும் மனமுவந்து அளிக்கும் நீங்கள், என்ன கற்பிக்கிறோம் என்பதை மட்டும் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வருகிற மாணவர்களில் பலர் பதினொன்றாம் வகுப்பில் சி++ என்னும் நிரல்மொழியைப் படித்துவிட்டுப் பன்னிரண்டில் பைத்தான் என்னும் நிரல்மொழிக்குச் செல்லவிருப்பவர்கள். இரண்டுக்கும் தமிழ்வழிப் பாடநூல்கள் அவர்களிடம் உண்டு. நாமோ முதல் நாள் காலையிலேயே செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பிட்டு, மதியம் வரை ஸ்லைடுகளை ஓட்டுகிறோம். மூன்று பேருக்கு ஒரு கணினி என்பதால், விரைவாகத் தட்டத் தெரிந்த ஒருவனிடமே கீபோர்டு ஐந்து நாளும் தங்கிவிட, மற்ற இருவரும் திரையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். நோட்டில் நிரல் எழுதப் பள்ளிக்கூடமே போதுமே.

ஒரு முறை, தேநீர் இடைவேளையில் இடம் கிடைத்த ஒரு மாணவி, "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்னவென்று பைத்தானிடம் கேட்டாள். 5 என்று விடை வந்தது. "மூணு எழுத்துதானே சார்?" என்றாள். நான் விளக்கம் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன். கணினியில் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தும் தனித்தனியாக இருப்பதை, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் ஒரு ஃபார் லூப் எழுதி அவளே கண்டுகொண்டாள். குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் தாண்டிச் செல்ல ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் விடை 3 ஆயிற்று. "அப்படின்னா க்ஷ? அது ஒரே எழுத்து, ஆனா ரெண்டுன்னு வருமே" என்று பக்கத்து இருக்கைப் பையன் மடக்கினான். அதன்பின் அந்த வரிசையில் தேநீர் குடிக்க எவரும் எழுந்திருக்கவில்லை.

இத்தகைய கணக்குகள் நம் மொழியில் ஏராளம். வருகைப் பதிவேட்டுப் பெயர்களைப் பைத்தானைக் கொண்டு வரிசைப்படுத்தினால், அகராதியில் முன்னே நிற்க வேண்டிய கலை பின்னே போய்க் கனி முதலில் வருவாள். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தே வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். அதைச் சரிசெய்யப் புகும் மாணவர், பைத்தானின் பட்டியல் (list), அகராதி அமைப்பு (dictionary), செயற்கூறு (function) ஆகிய மூன்றையும் தேவை கருதியே கற்றுக்கொள்வார்.

ஆகவே, சேர்க்கை எண்ணிக்கையைக் குறைத்தேனும் ஆளுக்கொரு கணினி கொடுங்கள். தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பில் தட்டச்சு பழக முதல் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் சிவப்பாக வரும் பிழைச்செய்தியைக் கண்டதும் கை தூக்கும் பிள்ளைகளுக்கு, அதன் கடைசி வரியை முதலில் படிக்கும் பழக்கத்தை ஊட்டுங்கள். உரைகளைக் காலை ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் நன்று. நிறைவு விழாவும் சான்றிதழும் இருந்துவிட்டுப் போகட்டும், பெற்றோருக்கு அதில் மகிழ்ச்சி உண்டு.

இன்னொன்று. பயிலரங்கு முடிந்த மறுநாளே ஆய்வகத்தைப் பூட்டிவிடாமல், ஜூனில் பள்ளி திறக்கும் வரை வாரம் இரு மாலைகள் திறந்து வைக்க இயலுமா? மேற்பார்வைக்கு நானும் என் நண்பர்களும் முறைவைத்து வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பயிலரங்குகளின் தன்னார்வலர் ஒருவர்