சபையில் அரசியல் வேண்டாம் என்கிறவர்களைப் பற்றி மகளுக்கு

மதுரை

அன்பு மகள் ஜெபாவுக்கு,

ஸ்தோத்திரம். நீ எழுதியதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "போன் போட்டுப் பேசிவிடேன்" என்றார். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள் நான், எனக்கு ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும்.

உன் கறுப்பினச் சிநேகிதி சபையை விட்டுப் போன காரணம் இப்போதுதான் உனக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டு ஜெபக்குழுவில் அவள் அஹ்மத் ஆர்பரியின் தாயாருக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறாள். குழுத் தலைவர் மிகவும் சாந்தமாக, "இங்கே அரசியல் வேண்டாமே" என்றிருக்கிறார். "அவர் யாரையும் திட்டவில்லையே அம்மா, சபை ஆத்துமாக்களுக்கான இடம்தானே, இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறாய்.

நடந்தது நீ இருக்கிற அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலேயே. 2020 பிப்ரவரி 23 அன்று பிரன்ஸ்விக் ஊருக்குப் பக்கத்தில் தெருவில் ஓடிக்கொண்டிருந்த அஹ்மத் என்ற 25 வயதுக் கறுப்பினப் பையனை வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் வண்டியில் துரத்தினார்கள், அவர்களில் ஒருவன் சுட்டுக் கொன்றான். வீடியோ வெளியே வரும்வரை, இரண்டு மாதத்துக்கு மேல், ஒருவரையும் கைது செய்யவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஜெபம் கேட்டால் அது அரசியலாம். 2021-இல் வழக்கு நடந்தபோது அந்தத் தாயோடு கறுப்பினப் போதகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர், இனிமேல் கறுப்பினப் போதகர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று நீதிபதியிடமே சொன்னார். பிறகு நூற்றுக்கணக்கான போதகர்கள் நீதிமன்ற வாசலில் கூடி ஜெபித்தார்கள். நவம்பர் 24-இல் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. போதகர் நீதிமன்றத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுகூட ஒருவருக்கு உறுத்தியது பார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் அகஸ்டா. கோல்ஃப் போட்டிக்காக மாப்பிள்ளைக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். 1845-இல் அங்கேதான் தென்பகுதி பாப்டிஸ்டுகள் தனிச்சபையாகப் பிரிந்தார்கள். அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்ப மாட்டோம் என்று வடக்கே இருந்தவர்கள் சொன்னதுதான் காரணம். உபதேசத்தில் ஒரு வரிகூட வேறுபாடு கிடையாது. 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபின் அதே அகஸ்டாவில் தென்பகுதி பிரஸ்பிட்டேரியன்களும் தங்களுக்கென்று ஒரு சபையை அமைத்தார்கள். அதற்காக உலகத்துச் சபைகளுக்கெல்லாம் ஒரு நீண்ட அறிக்கை எழுதியவர் ஜேம்ஸ் ஹென்லி தார்ன்வெல், பெரிய வேத பண்டிதர், தாமே அடிமைகளுக்குச் சொந்தக்காரர். அவர் வாதம் உனக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும்: சபை ஆவிக்குரியது, அரசு உலகத்துக்குரியது, அடிமைமுறை அரசின் விஷயம், சபை அதில் வாய் திறக்கக் கூடாது. அதோடு நிறுத்தவில்லை, வேதம் அடிமைமுறையைக் குற்றமாகச் சொல்லவில்லை என்றும் அதே கையால் எழுதினார்.

நாற்பது லட்சம் பேர் அடிமைகளாக இருந்த நாட்டில் இது நடந்தது. அவர்களில் எத்தனையோ பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். எஜமானும் அடிமையும் ஒரே கோயிலில் ஒரே கர்த்தரைத் துதித்துவிட்டு வெளியே வந்தபின், அந்த அடிமையின் பிள்ளையை விற்பது அரசியல், சபைக்குச் சம்பந்தமில்லை. உன் குழுத் தலைவர் தார்ன்வெல்லைப் படித்திருக்க மாட்டார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் பேசுகிற பாஷைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு, அதைத்தான் உனக்குக் காட்டுகிறேன்.

அதே பாஷை நூறு வருஷம் கழித்து என்ன ஆனது என்றும் கேள். 1965 மார்ச் 21, அலபாமாவில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்குக் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமை நடைப்பயணம் கிளம்பிய ஞாயிறு. அன்று வர்ஜீனியாவில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர், ஊழியக்காரருக்கு அரசியல் வேலையில்லை, ஆத்தும ஆதாயம்தான் வேலை என்று பிரசங்கம் செய்தார். 1979-இல் அதே ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, கிறிஸ்தவர்களைத் தேர்தலுக்குத் திரட்டினார். பழைய பிரசங்கம் தப்பு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டாராம். ஒப்புக்கொள்ள வசதியான நேரம்தான்!

உன் சபையிலும் அப்படித்தானே? 2022 ஜூனில் கருக்கலைப்புக்கு இருந்த அரசியலமைப்பு உரிமையை ரத்து செய்து உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்ததற்கு அடுத்த ஞாயிறு, ஆராதனையில் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார்கள் என்று நீயேதான் சொன்னாய். அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று இங்கே நான் பேச வரவில்லை. உனக்கும் எனக்கும் அதில் ஒத்துப்போகாது. உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கு ஸ்தோத்திரம் சொல்லலாம், பிரன்ஸ்விக் வழக்கில் ஒரு தாய்க்கு ஜெபிக்கக் கூடாது என்றால் அவர்கள் அரசியலை வெளியே நிறுத்தவில்லை. யாருடைய துக்கம் உள்ளே வரலாம் என்று பொறுக்கி எடுக்கிறார்கள்.

உடனே அமெரிக்காக்காரர்களைப் பற்றி இளக்காரமாக நினைக்காதே. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்குச் சுவர் வைத்தவர்கள் நம்மவர்கள். திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலும் சுவர் உண்டு. மதுரைக்கதையையும் கேள், இதை உனக்கு நான் சொன்னதேயில்லை. 1834-இல் வந்த அமெரிக்க மதுரை மிஷன்தான் நம் குடும்பத்துக்கு எழுத்தறிவு கொடுத்தது. 1840-களில் அந்த மிஷனரிகள் சாதி விஷயத்தில் பிடிவாதமாக நின்றார்கள். சபையில் இருக்க வேண்டுமானால் எல்லா சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். மறுத்த உபதேசியார்களைச் சபையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். எங்கள் வழக்கம், சமூக விஷயம், இதில் மதம் ஏன் தலையிடுகிறது என்று நம்மவர்கள் முறையிட்டார்கள்.

மிஷனரிகள் செய்தது சரிதான். ஆனால் அதே வருஷங்களில் அவர்களை அனுப்பிய பாஸ்டன் சங்கம் என்ன செய்தது தெரியுமா? அந்தச் சங்கம் செரோக்கி, சோக்டா பழங்குடிகள் நடுவிலும் சபைகள் நடத்தியது. அங்கே சபையார் சிலர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நற்கருணை கொடுக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, அடிமை வைத்திருப்பதை மட்டும் காரணமாகச் சொல்லி ஒருவரை விலக்க முடியாது என்று சங்கம் மழுப்பிவிட்டது. மதுரையில் சமபந்தி போஜனம் கட்டாயம், சொந்த நாட்டில் அடிமை விலங்கு விஷயத்தில் விட்டுக்கொடுப்பு. இதைப் பொறுக்காதவர்கள் வேறு பல குழுக்களோடு சேர்ந்து 1846-இல் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்று தனியாகத் தொடங்கினார்கள். உன் ஊரில் அட்லாண்டா பல்கலைக்கழகத்தை, போர் முடிந்த கையோடு, விடுதலையான அடிமைகளுக்காக நிறுவியது அவர்கள்தான். ஆக நம் கையில் வேதத்தைக் கொடுத்த அதே மரத்திலிருந்துதான் மழுப்பிய கிளையும் அதைப் பொறுக்காத கிளையும். நீ எந்தக் கிளையைப் பிடித்துக்கொள்வாய் என்பதைத் தார்ன்வெல் தீர்மானிக்கப் போவதில்லை.

"நாம் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, நமக்கு எதற்கு" என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். அவரிடம் மரியாதையாகவே சொல். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. கதவு நன்றாகத் திறந்தது 1965 அக்டோபரில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தால். அதே வருஷம் ஆகஸ்டில்தான் ஓட்டுரிமைச் சட்டம். செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்து போலீசிடம் அடிவாங்கியவர்கள் நாட்டின் மனசாட்சியை அசைத்திருக்காவிட்டால் எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் குடியேறலாம் என்று வைத்திருந்த பழைய ஒதுக்கீடு அப்போது போயிருக்குமா என்பது சந்தேகம். அந்தச் சட்டம் திறந்த வழியில்தான் உங்கள் விசா, வீடு, பச்சை அட்டை எல்லாம் வந்தது. அடிவாங்கியவர்களில் பெரும்பாலானோர் ஜெபித்துவிட்டு நடக்கக் கிளம்பிய சபை மக்கள்.

அந்த வருஷம் ஜூலை 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் உன் ஊர் எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தார். 1959-இல் திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளிக்குப் போனதையும், அங்கே தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்ததையும் சொன்னார். முதலில் திடுக்கிட்டாராம், கொஞ்சம் கோபமும் வந்ததாம். யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அப்படித்தான் என்றார். நம் பக்கத்து ஊரில் கேட்ட வார்த்தையால் அவர் தன் நாட்டைப் பார்த்தார். அவர் நாட்டில் இருந்துகொண்டு நீ நம் ஊரைப் பார்க்கலாம்.

சபையை விட்டுவிடவா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. முதலில் குழுத் தலைவரிடம் தனியாகப் போய், 2022 ஜூன் ஜெபம் எப்படி அரசியல் ஆகவில்லை என்று கேள். சண்டையாகக் கேட்காதே, பதிலுக்காகக் கேள். அவர் முகம் சுளித்தால் உனக்கே தெரிந்துவிடும். நிஜமாகவே யோசித்தார் என்றால் அந்தச் சபையில் உனக்கு வேலை இருக்கிறது.

அதற்கும் முந்தி சிநேகிதியைப் போய்ப் பார். இப்போது எந்தச் சபைக்குப் போகிறாள் என்று கேள், கூப்பிட்டால் போ. போன இடத்தில் செல்போனில் படம் எடுக்காதே. உனக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டிய பாரத்தையும் அவள் தலையில் வைக்காதே. இந்தக் கடிதத்தை அவளுக்கு மொழிபெயர்த்துக் காட்டவே கூடாது. அவளுடைய சரித்திரத்தை மதுரையிலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அம்மா