அண்ணாவுக்கு: ஆமாம், ஆங்கஸ் மெதுவாகத்தான் வாசிக்கிறார்

அண்ணா,

மெல்பர்ன் கச்சேரியிலிருந்து நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஆங்கஸின் வேகம் குறைந்துவிட்டது என்று காட்டத்தான் அனுப்பினாய், கூடவே "இப்பவாவது ஒத்துக்கிறியா?" என்று கேட்டிருந்தாய். நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாம். பதில் இதுதான். எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் இது நம் இருவருடைய சண்டை மட்டும் இல்லை. 2024 மே மாதம் கெல்சன்கிர்ஷனில் இந்தச் சுற்றுப்பயணம் தொடங்கியதிலிருந்து ஏசி/டிசி என்கிற ஆஸ்திரேலிய ராக் குழுவைக் கேட்கிறவர்கள் எங்கே சேர்ந்தாலும் பேச்சு இதுதான்: அதன் கிடார் கலைஞர் ஆங்கஸ் யங் இன்னும் மேடை ஏறலாமா, கூடாதா?

இன்று 2025 நவம்பர் 18. என்ன நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கஸின் அண்ணன், அதே குழுவில் ரிதம் கிடார் வாசித்த மால்கம் போய் எட்டு வருஷம். இந்த நாள் வரும் நேரமாகப் பார்த்து அந்த வீடியோவை ஏன் அனுப்பினாய் என்று நேற்றிரவிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தேதியை நீ கவனித்திருக்கமாட்டாய் என்றே நம்பிக்கொள்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஒத்துக்கொள்கிறேன். 2024-லேயே ஒத்துக்கொண்டதுதான், நீதான் காதில் வாங்கவில்லை. பாட்டுகளின் டெம்போ, அதாவது தாள வேகம், இறங்கியிருக்கிறது. 'தண்டர்ஸ்ட்ரக்' தொடக்கத்தில் விரல்கள் முன்பு போல ஓடவில்லை. அந்த வாசிப்பின் அமைப்பே ஈவு இரக்கம் இல்லாதது: முழுக்க ஒரே பி ஸ்ட்ரிங்கில் வருகிறது, பிடிக்கிற ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவே, விரல் வைக்காத திறந்த ஸ்ட்ரிங் ஒலிக்க வேண்டும். பல ஸ்ட்ரிங்கைச் சேர்த்து அடிக்கிற கார்டுக்குப் பின்னால் ஒளிய இடமில்லை, சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு மூடவும் முடியாது. ஒரு விரல் தாமதித்தால் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் தெரியும். அதை எழுபது வயதில், ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு அரங்கம் நிறைய ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்திருக்க, அவர் தொடங்குகிறார். விட்டுவிட்டு வேறு பாட்டு வாசித்திருக்கலாம். பட்டியலில் பாட்டுக்கா பஞ்சம்?

டெம்போவை வைத்து ஆங்கஸை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாய். தாளத்தை இழுத்துப் பிடிக்கிறவர் டிரம்மர். இந்தப் பயணத்தில் பழைய டிரம்மர் ஃபில் ரட் இல்லை, மேட் லாக் இருக்கிறார். பேஸ் கிடாரில் பழைய கிளிஃப் வில்லியம்ஸ் இல்லை, கிறிஸ் சேனி. பாடுகிற பிரையன் ஜான்சனுக்கு 78 வயது. 2016-ல் காது கேட்காமல் போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்து மேடையை விட்டு இறங்கிய மனுஷன், திரும்பி வந்து அந்த உச்சக் குரலில் கத்துகிறார். அவர் மூச்சு வாங்க இடம் விட்டு ஒரு குழு வாசித்தால் அதை நான் பலவீனம் என்று சொல்லமாட்டேன். சேர்ந்து வாசிக்கிறவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். அப்புறம், 'பேக் இன் பிளாக்' எந்தக் காலத்தில் வேகமான பாட்டாக இருந்தது? திரும்பத் திரும்ப வருகிற அந்த கிடார் வரியில், அந்த ரிஃப்பில், பாதி அழுத்தம் ஸ்வரங்களுக்கு நடுவே விடுகிற மௌனத்தில்தான் இருக்கிறது. அந்த மௌனத்தைச் சரியாக எண்ணு என்று என் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தவன் நீதான், அண்ணா.

லண்டன் வெம்ப்ளி அரங்கத்தில் நாம் சேர்ந்து பார்த்த கச்சேரிக்கு வருகிறேன். அந்த இரவைப் பற்றி நாம் ஒரு தடவையும் முழுசாகப் பேசியதில்லை.

டிக்கெட்டை நீதான் எடுத்தாய். எவ்வளவு கொடுத்தாய் என்று இங்கே எழுதமாட்டேன், அண்ணிக்கு அது இன்றுவரை தெரியாது என்று நினைக்கிறேன். காசு கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு என்று நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. விலையைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் எனக்கு அந்த இரவு எதற்காக என்று உனக்குத் தெரியும். மாடி அறையில் ஏசி/டிசி கேசட்டை முதன்முதலாகப் போட்ட நாளிலிருந்து, என்றைக்காவது சேர்ந்து போவோம் என்று நீ கொடுத்த வாக்கு அது.

'லெட் தேர் பி ராக்' வந்தது. மற்றவர்கள் நிறுத்திவிட, ஆங்கஸ் மட்டும் அந்தச் சின்ன மேடையோடு மேலே ஏறினார். கோட்டும் டையும் எப்போதோ போயிருந்தன. நரைத்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பெரிய திரையில் இடது கையை மட்டும் காட்டினார்கள். மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது, விரல் நுனிகள் ஸ்ட்ரிங்கை விட்டு ஒரு மயிரிழைகூட விலகாமல் நகர்ந்தன. ஒரு ஓட்டம் வாசித்தார், நிறுத்தினார், கையைக் காதோரம் குவித்துக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கத்தியது. அவருடைய நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்தேன். மறுபடி ஒரு ஓட்டம்.

அப்போதுதான் நீ என் பக்கம் குனிந்து, "கை ஓயுது, அதான் ஜனங்களக் கத்த விடுறாரு" என்றாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எந்த ஸ்வரம் நழுவியது, எங்கே 1991-ல் இதைவிட எத்தனை மடங்கு வேகம், எந்த இடத்தில் இப்போது இழுத்து நேரத்தை ஓட்டுகிறார் என்று அந்தத் தனி வாசிப்பு, அந்த சோலோ, முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாய். தமிழில் சொன்னதால் யாருக்கும் புரியாது என்று உனக்குத் தைரியம். பக்கத்தில் மினுக்கும் சிவப்புக் கொம்பு மாட்டிக்கொண்டு மகளோடு நின்றிருந்த பெரியவருக்கு வார்த்தை புரியவில்லை, தொனி புரிந்தது. என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், விரலை உதட்டில் வைத்தார். என்னைப் பார்த்து, அண்ணா. உன்னைப் பார்த்து இல்லை. அந்த சோலோ எனக்குக் கிடைக்கவே இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்து, நான் அங்கே கேட்டது உன் குரலைத்தான்.

வெம்ப்ளி பார்க் ஸ்டேஷனுக்குப் போகிற கூட்டத்தில் உன் கையை உதறிவிட்டு நான் முன்னால் நடந்ததற்கு மன்னித்துக்கொள். நீ பயந்துபோய்த் தேடினாய் என்று அண்ணி பிறகு சொன்னார்கள். ஊர் தெரியாத இடத்தில் அப்படிச் செய்திருக்கக் கூடாதுதான். ஆனால் உன் பக்கத்தில் நின்றிருந்தால் நான் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகளுக்கு, நடந்து போனது எவ்வளவோ மேல். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு நீ முன்பின் தெரியாத இருவருக்கு உன் போனில் எடுத்ததைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாய். அதை நான் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது.

இதைச் சொல்லவே இவ்வளவு நாள் ஆனது, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரிவர் ப்ளேட் அரங்கக் கச்சேரியின் டிவிடி ஞாபகம் இருக்கிறதா? 2009 டிசம்பரில் பியூனஸ் ஐரிஸில் எடுத்தது. அந்தக் கூட்டம் மொத்தமும் ஒரே உடம்பாகக் குதிப்பதை நீ திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டுவாய். ஆனால் என்னைப் பார்க்கச் சொன்னது பின்னால் ஆம்ப் வரிசை முன்னே நிற்கிற மால்கமை. "மெஷின்டி அந்த ஆளு, ஒரு அடி பிசகாது" என்பாய். அது 'பிளாக் ஐஸ்' ஆல்பத்துக்கான பயணம். அப்போதே மால்கமுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது. தானே உருவாக்கிய ரிஃப்களை ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் புதிதாகப் படிப்பது போல உட்கார்ந்து பழகிவிட்டு மேடை ஏறினார் என்று ஆங்கஸ் பின்னால் பேட்டிகளில் சொன்னார். 2010 ஜூனில் பில்பாவ் கச்சேரியோடு பயணம் முடியும்வரை அப்படியே ஓட்டினார். 2014-ல் குடும்பம் வெளியே சொல்லும்வரை நமக்கு எதுவும் தெரியாது. நீ மெஷின் என்று சொன்ன ஆளுக்கு, இரவுக்கு இரவு தன் பாட்டே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று அதைத் தெரிந்தே வாசித்தவர் அவருடைய தம்பி.

அந்தத் தம்பியைத்தான் வீட்டுக்குப் போகச் சொல்கிறாய். 2017-ல் ஒரே மாத இடைவெளியில் ஜார்ஜ், மால்கம் என்று இரண்டு அண்ணன்களைப் பறிகொடுத்தவர். இப்போது மால்கமின் இடத்தில் நிற்கிற ஸ்டீவி இன்னொரு அண்ணனின் மகன், ஆங்கஸைவிட இரண்டு வயதுகூட இளையவர் இல்லை. 1988-ல் மால்கம் குடியிலிருந்து மீள வீட்டில் இருந்தபோதும் அவர்தான் வந்து நின்றார். அந்த சோலோ நேரத்தில் நீ வேகத்தை அளந்துகொண்டிருந்தாய். நான், பின்னால் ஸ்டீவி நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு ஆங்கஸைப் பார்த்தேன். எனக்கு வேகம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

உனக்கு ஏன் தெரிந்தது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. கல்லூரியில் அந்தக் கடைசி மேடையில் என்ன நடந்தது என்று இங்கே எழுதமாட்டேன். இதை அம்மா படிப்பாள், சித்தப்பா வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். ஆனால் அன்றைக்கு இரண்டு ஸ்வரம் தவறியதற்காக நீ கிடாரைப் பெட்டியில் போட்டு மூடியது உண்மை. தவறாக வாசிக்கக் கூடாது என்பதற்காக வாசிக்காமலே இருந்துவிட்டாய். தவறு வரும், யாராவது படம் எடுப்பான், ஊரே பார்க்கும் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப மேடை ஏறுகிற ஒருவரைப் பார்த்தால் உனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் ஆங்கஸ் மேல் இல்லை என்று நினைக்கிறேன். தப்பாக நினைத்திருந்தால் போன் செய்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

நீ அருமையாக வாசிப்பாய். இதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், நம் வீட்டில் அப்படியெல்லாம் சொல்கிற வழக்கம் இல்லை. பவர் கட் ஆன ராத்திரிகளில் ஆம்ப் இல்லாமல், வெறும் ஸ்ட்ரிங் சத்தத்தில் நீ வாசித்தது இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆனால் லீட், அதாவது மெட்டையும் சோலோவையும் வாசிப்பது, எப்போதும் நீதான். "நீ கார்டு அடி, நான் வாசிக்கிறேன்" என்பாய். வருஷக்கணக்காக ஏ, டி, ஈ என்று நான் அடித்துக்கொண்டே இருந்தேன். நான் ஒரு தடவை சோலோ வாசிக்கட்டுமா என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. ஆங்கஸ் மேடையில் போடுகிற அந்தப் பள்ளிச் சீருடை யோசனையே அவருடைய அக்கா மார்கரெட் கொடுத்தது என்று நான் படித்துச் சொன்னபோதும், "அதெல்லாம் இசையா?" என்று தள்ளிவிட்டாய். ஐம்பது வருஷமாக உலகம் அந்த ஆளை அடையாளம் காண்பது அந்த அரை டவுசரை வைத்து. அதைப் பார்த்துச் சொன்னவள் வீட்டில் இருந்த ஒரு பெண்.

பெட்டியில் இருக்கிற உன் கிடாரை, ஆங்கஸ் வாசிக்கிற எஸ்ஜி மாடலின் அந்தக் காப்பியை, யாருக்காவது விற்றுவிடச் சொல்லி தீபாவளிக்கு மெசேஜ் அனுப்பினாய். விற்கவில்லை, விற்கவும் மாட்டேன். நெக் லேசாக வளைந்திருந்தது, கடையில் கொடுத்து நேராக்கிவிட்டேன். மால்கம் போடுவது போல தடித்த ஸ்ட்ரிங் செட் போட்டிருக்கிறேன். அந்த ஸ்ட்ரிங்கில் லீட் வாசிக்க விரல் நோகும், ரிதம் மலை மாதிரி நிற்கும். கிடாரின் விலையை உன் வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனி அது என்னுடையது.

ஜனவரியில் ஊருக்கு வரும்போது உன் விரலுக்கு ஏற்ற மெல்லிய ஸ்ட்ரிங் போட்டு இன்னொரு கிடார் வாங்கிக்கொண்டு வா. 'லெட் தேர் பி ராக்' உன்னால் முடிகிற வேகத்தில் எடு. நான் போனில் படம் எடுக்கமாட்டேன். ஆனால் முதல் சோலோ எனக்கு. அதை நீ உட்கார்ந்து, பேசாமல் கேட்க வேண்டும்.

வெம்ப்ளியில் எடுத்த வீடியோ இன்னும் உன் போனில் இருக்கிறதென்றால் இன்றைக்கே அழித்துவிடு. அழித்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பு, அப்புறம் மெல்பர்ன் பற்றிப் பேசலாம்.

தங்கை