எந்த நாட்டில் குடியேறுவது?

ஆசிரியருக்கு,

வெளிநாட்டவரை மணந்தவர்கள் எங்கே வாழ்வது என்பது பற்றிய உங்கள் கட்டுரையில் மனப்பொருத்தம் குறித்து நிறைய இருந்தது. விசா பற்றி ஒரே ஒரு வரிதான். எங்கள் வீட்டில் முடிவு செய்தது மனம் இல்லை, வேலை உரிமம். நான் செவிலியர். கணவரின் நாட்டில் மொழித் தேர்வு, உரிமத் தேர்வு இரண்டும் தேறாமல் ஓர் ஊசிகூடப் போட முடியாது. அவருக்கோ மடிக்கணினி போதும். சரி, அவரே என் நாட்டுக்கு வந்தார். துணைவர் விசாவோடு வேலை அனுமதியும் சேர்ந்தே வராது என்பது அப்புறம்தான் தெரிந்தது. எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். (அந்தச் சண்டைகளைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.)

இன்னொன்றைக் கட்டுரை தொடவே இல்லை. குழந்தை பிறந்தபின், ‘பிடிக்கவில்லை, திரும்பிப் போகிறேன்’ என்று ஒருவர் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. நாடு கடந்த குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளுக்கிடையே, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை மற்றவர் சம்மதமின்றிக் கொண்டுபோனால், அது வழக்கமாக வசித்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். மகளுக்கு இரண்டு வயதான பிறகுதான் இது எங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
இரு நாட்டுக் குடும்பத்து வாசகி