பிள்ளைகள் ஓலையிடமும் பூவிடமும் படிக்கட்டும்: குமரி மாவட்ட ஓவிய ஆசிரியர்களுக்கும் கல்வி அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஓவிய ஆசிரியர்களுக்கும் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம். ஓலை முடைகிறவர்களும் மாலை கட்டுகிறவர்களும் பள்ளிகளில் ஓவியம் சொல்லித் தருகிறவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

பள்ளிக் கண்காட்சிச் சுவரில் வருடா வருடம் ஒரே படம்தான் தொங்குகிறது. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓடை, ஓரத்தில் ஓட்டு வீடு. வேளிமலையைப் பார்த்து வளரும் பிள்ளை அந்த முக்கோண மலையை ஏன் வரைகிறது? செல்போனில் கிடைப்பது அதுதான். ‘என்ன வரையணும்னு தெரியல சார்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அதன் கையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பொருளைக் கொடுத்தால் வடிவம் தானாக வரும். வரும் கல்வியாண்டிலிருந்து மாதம் இரண்டு ஓவியப் பாடவேளைகளை ஓலைக்கும் பூவுக்கும் கோலத்துக்கும் ஊரிலுள்ள சிற்பத்துக்கும் ஒதுக்கித் தாருங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை.

பனையோலையில் தொடங்கலாம். திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை தின்னாத பிள்ளையும், குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையில் சிலுவை மடிக்காத பிள்ளையும் இங்கே குறைவு. ஓலை அவர்களுக்குப் புதிதல்ல.

விரியாத குருத்தோலைதான் வேண்டும். பனையேறுபவரிடம் விலைக்கு வாங்குங்கள். ஒரே மரத்தில் குருத்துகளை எல்லாம் வெட்டினால் மரம் தளர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, பச்சை போய் வெளிர்மஞ்சள் ஆகும்வரை வெயிலில் காயவிட வேண்டும். பிறகு ஒரு சென்டிமீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் நீளத்தில் கீற்றாக வார வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பதினாறு கீற்று, முப்பது பேருக்கு 480. மூன்று குருத்தில் இது தேறும். கத்தி ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும்.

முடைவதற்கு அரை மணி நேரம் முன்பு கீற்றுகளை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். முதல் தடவை செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். ஊறிய ஓலை உப்பியிருக்கும்போது நெருக்கமாக முடைந்தது போலத் தெரியும். காய்ந்ததும் சுருங்கி, கண்ணுக்குக் கண் இடைவெளி விழும். ஈரமே இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் ஓலை வெடிக்கும். மடித்தால் வெடிக்கக் கூடாது, பிழிந்தால் சொட்டக் கூடாது, அதுதான் பதம். முடைந்ததை ஈரத்தோடு அலமாரியில் அடுக்கினால் கரும்பூசணம் பிடித்துவிடும்.

எட்டுக் கீற்றைச் செங்குத்தாக வைத்து எட்டைக் குறுக்கே விட்டால் எட்டு சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். நாலு பக்கமும் மிஞ்சுகிற பதினொரு சென்டிமீட்டரைப் பின்பக்கம் மடித்துச் செருகலாம். ஒன்று மேலே ஒன்று கீழே என்று விட்டால் கட்டம் வரும். இரண்டு மேலே இரண்டு கீழே விட்டு, வரிசைக்கு வரிசை ஒரு கீற்று நகர்த்தித் தொடங்கினால் சாய்வுக்கோடு வரும். நகர்த்த மறந்தால் குறுக்குக் கீற்றுகள் பிடிப்பில்லாமல் வழுக்கிக் கழன்றுவிடும். அப்படிக் கழன்றால் உடனே திருத்திக் கொடுக்காதீர்கள். ஏன் கழன்றது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

வண்ணம் வேண்டுமென்றால் பாதிக் கீற்றுகளுக்கு மட்டும் சாயம் ஏற்றலாம். மஞ்சள்தூளில் வேகவைத்தால் அழகாக ஏறும், ஆனால் வெயில் பட்டால் வெளிறும். சாயத்துக்குப் பதில் பச்சை ஓலையைக் கலந்து முடைவது சிலர் செய்யும் குறுக்குவழி. அது காயக் காயச் சுருங்கி முழுப் பின்னலையும் தளர்த்திவிடும்.

அடுத்து, கட்டம் போட்ட தாளில் ஒரு மீன் வரையச் சொல்லுங்கள், ஓலையில் முடையக் கூடியதாக. பிள்ளை வளைவாக வரையும். ஓலையில் வளைவு வராது, படி படியாகத்தான் வரும். வாலைச் சுருக்கி, கண்ணை ஒரே கட்டமாக்கி, மறுபடி வரையும். அந்த இரண்டாவது மீன் எந்தச் செல்போனிலும் கிடைக்காது. பெட்டி முடைகிற பாட்டியின் பூக்கள் ஏன் கோணம் கோணமாக இருக்கின்றன என்பதும் அப்போதுதான் புரியும்.

பூவில் தோவாளை மாணிக்க மாலைக்கு இணை எது? 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, கட்டுவதற்கு நார். இவ்வளவுதான் பொருள். பூவை மடித்துக் கட்டுவதால் இதழ் மறைந்து, கல் பதித்த பாய் போல மாலை தட்டையாக விரிகிறது. ‘மடித்தால் இந்தப் பூ என்னவாகும்?’ என்ற கேள்வியைப் பிள்ளைகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அரளி நஞ்சு. மாலை கட்டுவதை அவர்கள் பார்க்கட்டும், வகுப்பில் கட்டுவதற்கு இட்லிப்பூவும் வாடாமல்லியும் கொடுங்கள். அரளியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் சாப்பாட்டுப் பையைத் திறக்கக் கூடாது.

ஓண நாட்களில் பள்ளியில் அத்தப்பூக்கோலம் போடும்போது நடுவில் ஓர் ஆணி, அதில் ஒரு கயிறு, முனையில் சுண்ணாம்புக்கட்டி வைத்து வட்டங்களை முதலில் போட்டுவிடுங்கள். பூவை நடுவிலிருந்து வெளியே நிரப்ப வேண்டும், இல்லையென்றால் போட்டதை மிதிக்க நேரும். ரோஜா இதழ்தான் முதலில் வாடும், அதைக் கடைசியில் தூவுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போகிறீர்கள், ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு வந்துவிடுகிறீர்கள். பூமுகம் என்ற நுழைவு மண்டபத்தின் மர விதானத்தில் தொண்ணூறு பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று என்று பிரித்துக் கொடுங்கள். அண்ணாந்து பார்த்து வரைந்தால் கழுத்து வலிக்கும். ஒரு கைக்கண்ணாடியை இடுப்பளவில் பிடித்து அதைப் பார்த்து வரையலாம். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.

கல்சிற்பம் செய்யும் மயிலாடிக்குப் போனால் சிற்பியிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: சாமியின் விரல்களை ஏன் உடம்போடு ஒட்டியே விடுகிறீர்கள்? வகுப்பில் புது சலவைச் சோப்புக்கட்டியில் கரண்டிக் காம்பால் ஒரு கையைச் செதுக்கினால், இரண்டாவது விரல் முறியும்போது அதன் பதில் கிடைத்துவிடும். பழைய சோப்பு வேண்டாம், உதிரும்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை விட்டுப்போகும் கருப்பு, சிவப்பு, வெள்ளைக் கோடுகளை அங்கேயே உட்கார்ந்து வரையட்டும். இல்மனைட், கார்னெட் என்ற கனமான கனிம மணல்கள் தங்கிவிட, இலேசான வெண்மணலை அலை இழுத்துப் போவதால் விழும் கோடுகள் அவை. மணலை அள்ளி வர வேண்டாம். அதில் கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது.

கடைசியாக, அலுவலர்களுக்கு. கைவினைஞர்களைப் பள்ளிக்கு அழைக்கும்போது பொன்னாடையோடு அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. ஒரு நாள் பள்ளிக்கு வந்தால் அந்த நாள் கூலி அவருக்குப் போகிறது. பெட்டி முடைகிறவருக்கும் மாலை கட்டுகிறவருக்கும் ஒரு நாள் ஊதியமும் பேருந்துக் கட்டணமும் அன்றே, கையில் கிடைக்க வேண்டும். இதற்கென்று பள்ளிக்கு ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். அவர் சொல்லித் தந்த வடிவத்தைச் சுவரில் வரைந்தால் பக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். கலைத் திருவிழாவில் நடுவராக அவரும் ஒரு நாற்காலியில் உட்காரட்டும்.

ஓலையைக் காயவைக்க நல்ல வெயில் வேண்டும். ஜூனில் சாரல் தொடங்கிவிடும் என்பதால், மே மாதமே குருத்துக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டக் கைவினைஞர்களும் ஓவியம் கற்பிப்பவர்களும்