கூளத்தைக் கிளறுவது யார்?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கருப்பி கன்று போட்டிருக்கிறது, கிடாரி. கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போனில் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை இருமினாய். சளி என்றாய். மழைக்குப் பயந்து கோழிக் கொட்டகையின் பக்கப் படுதாவை அடியோடு மூடிவிட்டு உள்ளே வேலை செய்தால், சளி இல்லாமலும் இருமல் வரும். மேலே ஒரு முழம் திறந்து வை. கோழி உயரத்துக்குக் குனிந்து மோந்து பார். நின்றபடி பார்த்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாக் காட்டம் முழுக்கத் தெரியாது. தினமும் உள்ளே கிடப்பவர்களுக்கு மூக்கு பழகிவிடும், வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் கண் எரியும். ஆவணியில் வந்தபோது எனக்கு எரிந்தது. குழந்தையை உள்ளே விடாதே.

அப்போதே கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் வரிசைக்குக் கீழே, தரையில் பரப்பிய உமிக் கூளம் அடை பிடித்திருந்தது. உன் மாமியார் பக்கத்தில் நின்றதால் வாய் திறக்கவில்லை. ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடி. விரலைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் காட்டமும் ரத்தக்கழிச்சலும் சேர்ந்தே வரும். அடையை வெட்டி வெளியே போட்டுவிட்டுப் புது உமி பரப்பு. சுண்ணாம்பு தூவினால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு விழுந்தால் காட்டம் இன்னும் கிளம்பும். அது காலிக் கொட்டகைக்கு.

5,000 கோழிக்குக் கூளம் கிளறுவது ஓர் ஆள் வேலை இல்லை. இங்கே அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை. உன்னோடு யார் கிளறுகிறார்கள்? மாப்பிள்ளைக்கு இப்போது வேலை எந்த ஊரில்? எம்.எஸ்ஸி. படித்த என் மகள்தான் பண்ணைக் கணக்கெல்லாம் பார்க்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். மண்வெட்டி பிடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. தனியாகப் பிடிக்காதே என்கிறேன்.

போன பேட்ச் கூள எருவை யார் வாங்கினார்கள்? மரவள்ளிக்காரர்கள் என்றால் மட்கவைத்துப் போடச் சொல். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும், பழி நம் மேல் வரும். குஞ்சும் தீவனமும் வளர்க்கக் கொடுக்கிற கம்பெனியுடையவை. எரு ஒன்றுதான் முழுக்க நம்முடையது. இங்கே எருப் பணம் என்றைக்கும் என் கையில்தான். உன் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் போனது. அங்கே யார் கையில்? பஸ்ஸுக்குக் காசில்லை என்று நீ சொல்லமாட்டாய். ஆனால் தீபாவளிக்கு வரவும் இல்லை. உனக்கு எடுத்த புடவை பீரோவில் இருக்கிறது.

படுதாவை மறக்காதே, மேலே ஒரு முழம்.

வியாழக்கிழமை அப்பா வேனில் உமி மூட்டை கொண்டுவருகிறார். உமி கொடுக்கத்தான் வந்தேன் என்று சம்பந்தியிடம் சொல்வார். நீயும் அப்படியே சொல். மூட்டையை இறக்கிவிட்டால் வண்டி காலியாகத்தான் திரும்பும். குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கைக்கு எட்டும் இடத்தில் எடுத்து வைத்திரு.

இப்படிக்கு,
அம்மா