சபா நாடகத்தில் காபி டம்ளர் எடுக்க மட்டும் வருகிறவள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபாக்கள் என்னும் கலை மன்றங்கள் நடத்தும் நாடகங்களுக்கு வயதானவர்கள் மட்டுமே வருகிறார்கள், அதனால்தான் தமிழ் நாடகம் தேய்கிறது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த வயதானவர்களில் நானும் ஒருத்தி. டிக்கெட் வாங்கி வந்து உட்காருகிறவர்கள் மேல் பழியைப் போடுவதற்கு முன், மேடையில் எங்களைப் பற்றி என்ன காட்டுகிறார்கள் என்று கட்டுரையாளர் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

சமீபத்தில் நான் பார்த்த நாடகத்தின் பெயர் வேண்டாம்; இதே கதையில் நாலைந்து ஓடுகின்றன. நடுவில் சோபா. பிள்ளை அமெரிக்காவில். முதல் பாதியில் அவன் ஃபோன் செய்ய மறக்கிறான், இரண்டாம் பாதியில் வீட்டை விற்கச் சொல்கிறான், கடைசி சீனில் விமானம் ஏறி வந்து காலில் விழுகிறான். கைதட்டல். நான் தொலைபேசி நிலையத்தில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். "என்னது, ஆஸ்பத்திரியிலா? ஐ.சி.யூ.விலா? டாக்டர் கைவிரித்துவிட்டாரா?" என்று எதிர்முனையில் இருப்பவர் பேச்சையும் சேர்த்துத் தானே பேசும் மனிதரைப் பணிக்காலம் முழுவதும் நான் கேட்டதில்லை. மேடையில் கறுப்பு டெலிபோன் போய்க் கைபேசி வந்துவிட்டது. வசனம் அப்படியே இருக்கிறது.

அது போகட்டும். அந்த வீட்டில் ஒரு வேலைக்காரி வருகிறாள். சென்னைத் தமிழில் இரண்டு வசனம் பேசுகிறாள், சபை சிரிக்கிறது, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். என் ஆத்திரம் அங்கேதான்.

என் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவருக்கு உடம்பு துடைப்பதும், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதும், குழறும் பேச்சைப் புரிந்துகொள்வதும் பகலில் வரும் ஒரு பெண்மணி. அவர் பிறந்தது எங்கள் பகுதிக் கால்வாய் ஓரத்துக் குடிசையில். அங்கிருந்து அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். பிறந்த இடத்துக்கே இப்போது இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார். 2021 முதல் சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் இந்த வேலை கட்டுப்படியாகாது என்கிறார். அவருடைய மாமியாரும் படுக்கையில்தான் இருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து பாட்டியைக் கவனிப்பது பேத்தி. பிள்ளையிடம் சொல்லாததையெல்லாம் என் கணவர் இந்தப் பெண்மணியிடம் சொல்கிறார். சம்பளம் கூட்டிக் கேட்டபோது எனக்கு வந்த கோபம், ஒரு நாள் வரத் தாமதமானால் வயிற்றைப் பிசையும் பயம், பீரோ சாவியை இடம் மாற்றி வைக்கும் என் அற்ப புத்தி, இவ்வளவும் ஒரே அறைக்குள் நடக்கின்றன. செட்டுக்கு ஒரு கட்டிலும் நாற்காலியும் போதும். சோபாவைவிடச் செலவு குறைவு.

இதெல்லாம் சபாவில் எடுபடாது என்பார்கள். 1980-இல் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தில் வறண்டு கிடந்த அத்திப்பட்டி கிராமத்தைப் பார்த்துக் கொதித்தது இந்தச் சபாக் கூட்டம்தானே? இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' நாடகத்தையும் சொல்ல வேண்டும். பெற்ற தகப்பனை ஆக்ரா கோட்டையில் அடைத்துவைக்கும் மகன்! ஒரு கணக்கில் அதுவும் முதியோர் இல்லக் கதைதான். என்ன, அங்கே கடைசி சீனில் விமானம் வருவதில்லை.

கொச்சைத் தமிழ் பேசினால் சபை சிரிக்கத்தான் செய்யும் என்ற சமாதானத்தையும் நான் ஏற்க மாட்டேன். எழுத்தாளர் பாமாவின் 'மொளகாப்பொடி' கதையைக் கட்டியக்காரி நாடகக் குழுவினர் நாடகமாக்கினார்கள். புல் அறுக்க வரும் தலித் பெண்கள் மீது மிளகாய்ப்பொடி தூவுகிறாள் நிலக்காரி. அந்தப் பெண்களின் பேச்சில் எத்தனை கேலி, எத்தனை குத்தல்! சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதில்தான் எழுதுகிறவரின் யோக்கியதை தெரிகிறது. சென்னை கலைக்குழு, மரப்பாச்சி போன்ற குழுக்கள் உழைப்பாளிகளையும் பெண்களையும் பற்றிப் பல வருடங்களாக நாடகம் போட்டு வருகின்றன. சபாக் குழுக்களின் எழுத்தாளர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுண்டா என்று தெரிந்துகொள்ள ஆசை. தங்கள் பத்திரிகையும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் நேரத்தையும் இடத்தையும் அச்சிடுவதோடு நிற்காமல், நாடகத்தைப் பார்த்துவிட்டு நல்லது கெட்டது எழுத ஒருவரை அனுப்பலாம்.

சபா செயலாளர்களிடம் ஒரு கோரிக்கை. நாடகம் இரவு 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிகிறது. பகல் நேர வேலைக்கு வருகிறவர்கள் 8 மணிக்கெல்லாம் பஸ் பிடிக்க வேண்டும். நான் இதுவரை பார்த்த நாடகங்கள் அந்தப் பெண்மணி தன் வீட்டைக் காக்கவைத்து எனக்குக் கொடுத்த நேரம். வரும் கோடை விழாக்களிலாவது ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு ஒரு காட்சி வையுங்கள். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதையும் போட்டுவிட்டால் என் கணவரையும் அந்தப் பெண்மணியையும் கூட்டிக்கொண்டு வருவேன். இலவச பாஸ் வேண்டாம், மூன்று டிக்கெட்டுக்கும் பணம் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மந்தைவெளி, சென்னை – 28